பழைய சர்வர் டிரைவை அழிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் கடைக்குக் கழற்றிப்போட்ட சர்வர்கள் அடிக்கடி வரும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஷிப்பிங் ஆபீஸ்களில் இருந்துதான் அதிகம். அவற்றில் பல டிரைவ்கள் தாமாகவே தரவை என்கிரிப்ட் செய்துகொள்ளும், அதாவது சங்கேதமாக மாற்றி வைக்கும் ரகம். "என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு, அப்படியே எடுத்துக்கோங்க" என்பார்கள்.

முதல் தவறே இதுதான். இந்த டிரைவ் எழுதும்போது என்கிரிப்ட் செய்யும். படிக்கும்போது தானே பிரித்தும் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு வைத்துப் பூட்டாதவரை, கேபிள் சொருகுகிற யாரும் படிக்கலாம். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவது போலத்தான். பூட்டியிருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. சில எஸ்எஸ்டிகளில் (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை டிரைவ்களில்) பாஸ்வேர்டு இல்லாமலே தரவை எடுக்க முடியும் என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள்.

குவிக் ஃபார்மேட் போட்டால் கோப்புப் பட்டியல்தான் போகும், தரவு அப்படியே கிடக்கும். சரி, முழுக்கச் சுழியம் எழுதலாமே என்றால், 8 டெராபைட் ஹார்டு டிஸ்குக்கு 10 மணி நேரம்கூடப் போதாது. எஸ்எஸ்டியில் உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் செல்களை அது தொடுவதும் இல்லை. இதற்கென்றே கிரிப்டோ இரேஸ் இருக்கிறது. டிரைவ் தரவை என்கிரிப்ட் செய்த தன் உள்சாவியைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்; பழைய சாவி இல்லாமல் பழைய தரவைப் பிரிக்க முடியாது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

பாஸ்வேர்டு தெரியாத டிரைவை அழிக்கப் பல நிறுவனங்கள் லேபிளிலேயே வழி வைத்திருக்கின்றன: பிஎஸ்ஐடி என்ற 32 எழுத்துக் குறியீடு. பொடி எழுத்தில் இருக்கும். 8-ஐயும் பி-யையும் லென்ஸ் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஒரு ஆபீஸில் இருந்து வந்த டிரைவ்களில் அந்த இடத்தின்மேலேயே சொத்து எண் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக உரித்தும், இரண்டில் எழுத்துகள் ஸ்டிக்கரோடு வந்துவிட்டன. அந்த இரண்டையும் உடைக்க வேண்டியதாயிற்று. சர்வரில் மாட்டும் முன்பே லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பூட்டிய டிரைவ் வேறு கணினியில் படிக்கும்போதெல்லாம் எர்ரர் காட்டும். செத்துப்போச்சு என்று நினைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும் டிரைவ் அது, தரவும் உள்ளேயே இருக்கிறது. ரெய்டு கார்டு (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கார்டு) வழியாகவோ யுஎஸ்பி டாக் வழியாகவோ மாட்டினால் அழிக்கும் கட்டளை டிரைவ் வரை போகாமலே நிற்கலாம். டிரைவை அப்படியே கணினியோடு இணைக்கும் சாதாரண ஹெச்பிஏ கார்டில் நேரடியாக மாட்டுங்கள். அப்புறம், எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் காட்டும் பெயரை நம்பிக் கட்டளை கொடுக்காதீர்கள். ரீபூட் செய்தால் பெயர் மாறலாம். சீரியல் எண்ணைப் பாருங்கள்.

சரிபார்க்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. "வெற்றி" என்று திரையில் வந்ததும் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். நான் டிரைவ் படிக்கும் நிலையில் இருந்தால், அழிக்கும் முன் தொடக்கம், நடு, கடைசி என்று சில செக்டார்களை (டிரைவின் சிறு பகுதிகளை) படித்துச் சேமித்துவைப்பேன். அழித்தபின் அதே இடங்களைப் படிப்பேன். சுழியமோ குப்பை எழுத்தோ வந்தால் சரி. பழைய பைட்டுகளே திரும்ப வந்தால் அந்த டிரைவ் என் மேசையை விட்டுப் போகாது.