ஏரி நீரைப் பங்கிடுதல்: 7, 8ஆம் வகுப்புகளுக்கு ஒரு குழுப் பாடம்

இயற்கை வளங்களைப் பற்றிய பாடத்தைப் புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை என்ற வகைப்பாட்டோடு முடித்துவிட்டால், மாணவர்கள் அதைத் தேர்வில் சரியாகவே எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு வளம் எல்லோருக்கும் போதாதபோது யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியை அவர்கள் ஒருமுறைகூடச் சந்தித்திருக்கமாட்டார்கள். அதைச் சந்திக்கவைக்க, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 இருக்கும் பாசன ஏரிகளும் கண்மாய்களும் நல்ல களம். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

வகுப்பை ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுங்கள். கற்பனை ஏரியின் நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.5 மீட்டர், ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல்பரப்பு, 40 ஹெக்டேர் என்ற விவரங்கள், வயல்களுக்கு நீரைத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டியின் அட்டையில் மட்டும் இருக்கட்டும். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்பது ஏரி மதகுக்கு அருகில் நிலம் உள்ள தலைமடை விவசாயிக்கும், நிலக்கடலைக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் போதும் என்பது நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை விவசாயிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோடைவரை 50,000 கனமீட்டர் நீர் ஏரியில் நிற்க வேண்டும் என்பது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்த மீன்பாசி குத்தகைதாரரின் கோரிக்கை. மாடு வளர்ப்பவரின் அட்டையில், அந்த மிச்ச நீர் கால்நடைகள் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அட்டையை வாசித்துக் காட்டலாம், கைமாற்றக் கூடாது என்பது விதி. இந்த ஒரு விதி இல்லையென்றால், கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் ஐந்து அட்டைகளையும் வாங்கித் தானே முடித்துவிடுவார். மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10 கனமீட்டர் என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஏரியில் இருப்பது 3 லட்சம் கனமீட்டர் என்றும், ஆயக்கட்டு முழுவதும் நெல் பயிரிட்டால் 4.8 லட்சம் தேவை என்றும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அங்குதான் வாக்குவாதம் தொடங்கும், சத்தமும் கூடும். அதை அடக்க வேண்டாம். மீனுக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் 2.5 லட்சத்தில், 40 ஹெக்டேரையும் தரிசு விடாமல் நெல்லும் நிலக்கடலையும் பிரித்துப் பயிரிட்டால், நெல்லுக்குக் கிடைப்பது 7 ஹெக்டேர் அளவுதான். அந்த 7 ஹெக்டேர் யாருடையது என்பதற்குக் கணக்கில் விடை கிடையாது. சில குழுக்கள் ஆண்டுக்கொருவர் என முறைவைக்கும். சில, நெல் போடுபவர் மற்றவர்களுக்கு ஈடு தர வேண்டும் என்று சொல்லும்.

முடிவை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். தனித்துவிடப்படும் கடைமடைக்காரர் தோற்றுவிடக்கூடும். ஐவரும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று வைத்தால், தலைமடைக்காரரும் பேசி இணங்கவைத்தே ஆக வேண்டும். அதிகம் பேசாத மாணவருக்கு நீர்க்கட்டி அட்டையைக் கொடுப்பது என் பரிந்துரை: ஏரியின் அளவு அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் குழு அவரைக் கேட்காமல் நகர முடியாது.

இரண்டாம் பாடவேளையில் ஒரு மாற்றத்தை அறிவியுங்கள். வண்டல் சேர்ந்ததால் சராசரி ஆழம் 1.2 மீட்டராகிவிட்டது, அதாவது 60,000 கனமீட்டர் குறைந்துவிட்டது. பழைய ஒப்பந்தம் தாங்குமா, தூர்வாரும் உழைப்பை யார் தருவது என்று மறுபடியும் பேச வேண்டிவரும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் ஏரிகளைப் பராமரித்த ஊர்க் குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுவதையும், குடிமராமத்து என்ற ஊர்ப் பொது உழைப்பையும் இந்தக் கட்டத்தில் சொல்லுங்கள். முன்னதாகச் சொன்னால் மாணவர்கள் அதையே விடையாக எழுதிவிடுவார்கள்.

மதிப்பெண்ணை ஒப்பந்தத்துக்கு வழங்க வேண்டாம். இந்த ஏற்பாட்டில் யாருக்கு அதிக இழப்பு, அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று ஒவ்வொரு மாணவரும் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஏரியே பார்த்திராத நகரப் பள்ளிகளில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் வைத்து இதே அட்டைகளைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.