தெர்மோஸ்டாட் தண்ணீர்க் குழாய் இல்லை: குளிர்நாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சாவி கைக்கு வந்த அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள், மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், முதல் பில்லில் இருப்பது உண்மையான ரீடிங்கா உத்தேசக் கணக்கா என்று பாருங்கள். சரி, இதை யாரும் சொல்வார்கள். என் கையைச் சுட்டது சுவரில் இருந்த தெர்மோஸ்டாட், அதாவது வீடு எத்தனை டிகிரிக்குச் சூடாக வேண்டும் என்று ஹீட்டருக்குச் சொல்லும் கருவி.

வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வருவேன், வீடு 16 டிகிரியில் இருக்கும், சீக்கிரம் சூடாகட்டும் என்று நேராக 28-க்கு ஏற்றிவிடுவேன். குழாயை நன்றாகத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருமே, அந்த நினைப்பு. ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் ஹீட்டர் பெரும்பாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 28 வைத்தால் எனக்குப் போதுமான 21-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் நான் தூங்கியிருப்பேன். எங்கள் வீட்டில் இருந்தது ஹீட் பம்ப் வேறு. வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இழுத்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு தரும் நல்ல இயந்திரம், ஆனால் ஒரேயடியாகப் பல டிகிரி ஏற்றினால் துணைக்கு இருக்கும் காயில் ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும், அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். துணை ஹீட்டர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையில் ‘ஆக்ஸ்’ என்று வந்ததைப் பார்த்து, பரவாயில்லை நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டவன் நான். குடிவரும் முன்பே எந்த ஹீட்டர் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

பில் வந்ததும் என்ன செய்தேன்? வீடு முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டு திரிந்தேன், பாத்ரூம் லைட்டுக்காகப் பையனைத் திட்டினேன். 9 வாட் எல்இடி ஒரு யூனிட் இழுக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். 10 கிலோவாட் காயிலுக்கு ஆறு நிமிடம் போதும். பாவம் பையன்.

அப்புறம் தேடிப் படித்ததில் ஓர் ஆறுதல் கிடைத்தது. இந்தக் குழாய் நினைப்பு அமெரிக்க வீடுகளிலும் உண்டு என்று வில்லெட் கெம்ப்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1986-லேயே எழுதியிருக்கிறார். 2010-ல் ஷாஸீன் அட்டாரி என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 505 பேரிடம் எரிசக்தியை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டபோது, அதிகம் பேர் சொன்னது விளக்கை அணைப்பதைத்தான். நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸில் 1970-களில் ஒரே மாதிரி கட்டிய வீடுகளை ஆராய்ந்தார்கள், அதில் ஒரு வீட்டைச் சூடாக்கும் செலவு இன்னொன்றைப் போல இரண்டு மடங்குகூட இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் சுவரையும் ஜன்னலையும் மட்டும் அளக்காமல் உள்ளே இருக்கும் ஆட்களையும் கவனிக்க ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது 20-லேயே வைத்திருக்கிறேன், தாங்காவிட்டால் ஒரு டிகிரி. வீட்டுக்குள் ஸ்வெட்டர் போடுபவர்களை முன்பு கிண்டல் செய்வேன், என்னுடையது இப்போது சோபா முதுகிலேயே தொங்குகிறது.