சோர்ந்துபோன விசுவாசி எங்கிருந்து தொடங்குவது

மனச்சோர்வு வந்தவுடன் பல விசுவாசிகள் முதலில் தங்களைத் தாங்களே குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். விசுவாசம் குறைந்துவிட்டது, அதனால்தான் மனம் இப்படிக் கிடக்கிறது என்று எண்ணி, சோர்வின்மேல் குற்ற உணர்வையும் ஏற்றிக்கொள்கிறார்கள். வேதாகமம் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைய ரோம மாகாணமான ஆசியாவில் நேரிட்ட உபத்திரவத்தில், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்குத் தயங்காமல் எழுதுகிறார்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, இராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்க விடுகிறார், தூதன் தட்டியெழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறார். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. ஆகவே பல நாட்களாகத் தூக்கமும் உணவும் சீர்கெட்டிருந்தால், நீண்ட உபவாசமும் இரவு முழுதும் விழித்திருக்கும் ஜெபமும் இப்போது வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு உறங்குங்கள். உடலைப் பேணுவதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, உள்ளதை உள்ளபடி ஜெபியுங்கள். வார்த்தைகள் வரவில்லையென்றால் 13ஆம் சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனங்கள்தான், "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லி அங்கே வையுங்கள்: வராத வேலை, ஆறாத நோய், பேசாத பிள்ளை. கடைசி வசனத்தின் துதியை அன்றைக்குச் சொல்ல முடியாவிட்டால், கேள்வியோடே எழுந்திருங்கள். ஆறுதல் சொல்லாமலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் வேதத்தில் இருக்கிறது.

முறையிட்டபின் உங்கள் ஆத்துமாவோடு பேசுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று 42, 43ஆம் சங்கீதங்கள் மூன்று தரம் கேட்கின்றன. ஒரு தரம் சொன்னதும் கலக்கம் தீர்ந்திருந்தால் மறுபடி கேட்க அவசியம் இருந்திராது. காலையில் சொன்ன வசனத்தை மாலையிலும் சொல்ல வேண்டியிருப்பது தோல்வியல்ல.

நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று எலியா சொன்னபோது, பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இஸ்ரவேலில் இருந்தார்கள். தனிமையில் நாம் போடும் கணக்கு பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். பவுலும் மக்கெதோனியாவில் கலங்கியிருந்தபோது, உடன் ஊழியனான தீத்து வந்து சேர்ந்ததினாலே தேவன் தம்மைத் தேற்றினார் என்கிறார். ஆகவே அறிவுரைக்கு அவசரப்படாமல் கேட்கக்கூடிய ஒருவரைச் சபையில் தேடி, "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். ஆராதனைக்குப் போகவே மனமில்லாத வாரத்தில், அவரோடு சேர்ந்து போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் போதும்.

சோர்வு வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வேலைகளையும் முடக்கினால், மருத்துவரிடம் போங்கள். எலியாவைப்போல வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மருந்தை எடுத்துக்கொள்ளும்போதே ஜெபிக்கலாம்.