ஸ்ட்ராபெரி: வாங்குவது முதல் தட்டுக்கு வருவது வரை

கேக்கின் உச்சியில் அலங்காரமாக உட்காருவதற்கென்றே பிறந்த பழம் ஸ்ட்ராபெரி என்று பலரும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கொய்யா, வாழை வரிசையில் அதையும் தாராளமாகச் சேர்க்கலாம். 100 கிராம் பழத்தில் சுமார் 32 கலோரிதான். வைட்டமின் சி ஏறக்குறைய 58 மில்லிகிராம், ஆரஞ்சுக்குக் குறைவில்லை. ஆனால் அவசரக்காரப் பழம். உரிக்கும்படியான தோல் இல்லை, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அசந்தால் பூசணம் பிடித்துவிடும்.

1. காலம் பார்த்து வாங்குங்கள்

நம் நாட்டு ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வர், பஞ்சகனி மலைப்பகுதியிலிருந்து வருகிறது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும்கூட விளைகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வரத்து நன்றாக இருக்கும். மற்ற மாதங்களில் ஆசைப்பட்டால் பர்ஸுக்கும் நாக்குக்கும் சேர்த்து நஷ்டம்.

2. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கடைக்காரர் மேல் வரிசையில் அழகிகளைத்தான் அடுக்கியிருப்பார். அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாறு கசிந்து கறை தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்தது நிறம். காம்பை ஒட்டிய தோள்பகுதி வரை சிவப்பு ஏறியிருக்க வேண்டும். அங்கே வெளுப்பாக இருந்தால், 'வீட்டில் வைத்தால் பழுத்துவிடும்' என்று எண்ண வேண்டாம். மாம்பழத்தைப் போல இது பறித்த பிறகு பழுக்காது. நாள் போனால் சிவப்பு சற்றுக் கூடலாம், இனிப்பு கூடாது. பெரிய பழம்தான் இனிக்கும் என்பதும் இல்லை. மூக்கை நம்புங்கள்: மணம் இல்லாத பழத்தில் சுவையும் இருக்காது. மூன்று நாளில் தீர்க்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்காதீர்கள்.

3. கழுவாமல் எடுத்து வையுங்கள்

வந்ததும் கழுவி ஃபிரிட்ஜில் வைப்பது நம் வீடுகளின் வழக்கம். இந்தப் பழத்துக்கு அது ஆகாது. ஈரம்தான் பூசணத்துக்கு விருந்து. டப்பாவைக் கொட்டி, நசுங்கியதையும் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்ததையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். லேசாக நசுங்கியதை அன்றே சாப்பிடலாம். பூசணம் பிடித்தது குப்பைக்கு. மீதியை, டிஷ்யூ காகிதம் விரித்த அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, இறுக மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

4. சாப்பிடும் நேரத்தில் கழுவுங்கள்

பச்சை இலையைக் கிள்ளாமல் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். முதலிலேயே கிள்ளினால் அந்தக் குழி வழியே தண்ணீர் இறங்கிப் பழம் சப்பென்று ஆகிவிடும்.

5. சாப்பிடும் வழிகள்

நல்ல பழத்துக்கு எதுவும் வேண்டாம், அப்படியே சாப்பிடுங்கள். புளித்தால் உப்பும் மிளகாய்த்தூளும் இருக்கின்றன. கொய்யாவுக்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும். காலையில் கெட்டித் தயிரில் நறுக்கிப் போடலாம். சூடான பாலில் மட்டும் போடாதீர்கள், புளிப்பில் திரிந்துவிடும்.

புளிப்பான பழம் வந்து மாட்டினால் எனக்குப் பிடித்த வழி இது. ஏழெட்டுப் பழங்களை நான்காக நறுக்கி, ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை தூவிப் பிசிறி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுக்க, கிண்ணத்தின் அடியில் அடர்சிவப்பில் சாறு தேங்கியிருக்கும். துண்டுகளின் முனைகள் மழுங்கிப் பளபளக்கும். அடுப்பே பற்ற வைக்காமல் இது ஆப்பத்துக்குத் தொடுகறி. ஆறிய கேழ்வரகுக் கஞ்சியிலும் கலக்கலாம். ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்துப் பாருங்கள், பழத்தின் மணம் தூக்கலாகத் தெரியும்.

குழந்தைகளுக்கு முதன்முறை கொடுக்கும்போது சிறு துண்டாக, கொஞ்சமாகக் கொடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை வருவதுண்டு.

6. மிஞ்சினால் உறைய வையுங்கள்

கழுவித் துடைத்து, இலையைக் கிள்ளி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல் போல் இறுகியதும் பைக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளியே எடுத்தால் குழைந்துவிடும் என்பதால் தட்டில் வைத்துச் சாப்பிட உதவாது. ஏப்ரல் வெயிலில் தயிரோடு மிக்ஸியில் அடித்துக் குடிக்கலாம்.