போரிங் யார், போர்ட் யார்?

முதல் வேலைக்குப் போன இன்டர்வியூவில் நான் சொன்னது இது: 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்.' எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 'நான் ரொம்ப சுவாரசியமான ஆள்' என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்த விஷயம், வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தமிழில் 'எனக்கு போர் அடிக்கிறது' என்கிறோம். அந்த 'க்கு' போதும், அனுபவிப்பவர் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' என்று ஆரம்பித்துவிட்டால் அந்த வசதி கிடையாது. சொல்லின் கடைசியில் வரும் 'இங்', 'எட்' இரண்டும்தான் அதைச் சொல்ல வேண்டும்.

படி 1: உணர்ச்சியைக் கொடுப்பது எது, வாங்குவது யார் என்று பாருங்கள். எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். களைப்பைக் கொடுத்தது பயணம், களைத்துப்போனது நீங்கள்.

படி 2: கொடுப்பதற்கு 'இங்', வாங்குபவருக்கு 'எட்'. 'தி ஜர்னி வாஸ் டயரிங். ஐ ஆம் டயர்ட்.' பொருளுக்கு 'இங்', ஆளுக்கு 'எட்' என்று சிலர் சொல்லித் தருவார்கள், அதை நம்பாதீர்கள். 'ஹி இஸ் போர்ட்' என்றால் அவருக்குப் பொழுது போகவில்லை. 'ஹி இஸ் போரிங்' என்றால் அவர் வாயைத் திறந்தாலே நாம் வாசலைப் பார்க்கிறோம். (இந்த 'போர்ட்', பலகையைக் குறிக்கும் 'போர்ட்' மாதிரியேதான் ஒலிக்கும். 'போரெட்' என்று இழுக்க வேண்டாம்.)

படி 3: உணர்ச்சியைப் பற்றிய சொல்லே இல்லை என்றால், அந்தச் செயல் நடந்துகொண்டிருக்கிறதா, நடந்து முடிந்ததா என்று கேளுங்கள். 'பாய்லிங் வாட்டர்' அடுப்பில் தளதளவென்று கொதிக்கிறது, கை பட்டால் வெந்துவிடும். 'பாய்ல்ட் வாட்டர்' கொதித்து இறக்கியது, ஆறியும் இருக்கலாம். காய்ச்சலில் படுத்திருப்பவர் குடிக்கக் கேட்டால் கொடுக்க வேண்டியது இரண்டாவது. 'பாய்ல்ட் எக்' என்பதிலும் இதே 'எட்'தான். ஆனால் உடைந்த நாற்காலி 'புரோக்கன் சேர்'. இந்த மாதிரி முரண்டு பிடிக்கும் சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

படி 4: பின்னால் வரும் குட்டிச் சொல்லையும் சேர்த்தே பழகுங்கள்: இன்ட்ரஸ்டட் இன், டயர்ட் ஆஃப், எக்ஸைட்டட் அபவுட். அப்புறம் ஒரு விதிவிலக்கு. பயந்தவர் 'ஸ்கேர்ட்', ஆனால் பயமுறுத்தும் படம் 'ஸ்கேரி'.

சரி, இப்போது உங்கள் முறை. இன்று ராத்திரி சீரியலில் கதை புரியவில்லை என்றால் 'கன்ஃப்யூஸ்' என்ற சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: ஒன்று சீரியலைப் பற்றி, இன்னொன்று உங்களைப் பற்றி.