பேசிக்கில் + − குறிகளை ஒழுங்காக அச்சிடுவது எப்படி?

பேசிக் என்ற கணினி மொழியில் முதல் புரோகிராம் எழுதும்போதே பலருக்கும் வரும் சந்தேகம் இது: "நான் 5 என்றுதானே அச்சிடச் சொன்னேன், முன்னால் ஏன் ஒரு இடைவெளி விழுகிறது?" அது பிழை இல்லை. குறிக்காக ஒதுக்கிய இடம்.

கியூபேசிக், கியூபி64, ஜிடபிள்யூ-பேசிக் என்ற பேசிக் வகைகள் மூன்றிலும் கீழே உள்ளவை ஓடும். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். எஸ்டிஆர், மிட், ரைட் ஆகியவற்றின் வாலில் இருக்கும் டாலர் குறியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் இடைவெளியைக் கண்ணால் பார்த்துவிடுவோம். எண்ணுக்கு இருபுறமும் அடைப்பு போடுங்கள்:

பிரிண்ட் "["; 5; "]"
பிரிண்ட் "["; -5; "]"

திரையில் வருவது:

[ 5 ]
[-5 ]

மிகை எண்ணுக்கு முன்னால் வெற்றிடம், குறை எண்ணுக்கு அதே இடத்தில் மைனஸ். பின்னால் எப்போதும் ஒரு இடைவெளி. கூட்டல் குறி மட்டும் தானாக வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்குத்தான் பிரிண்ட் யூசிங். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பட்டியலிடுவதாக வைத்துக்கொள்வோம்:

பிரிண்ட் யூசிங் "+###"; 7
பிரிண்ட் யூசிங் "+###"; -12

முதல் வரி +7, அடுத்தது -12. ஒவ்வொரு # குறியும் ஒரு இலக்கத்துக்கான இடம். எண் சிறியதாக இருந்தால் இடப்பக்கம் வெற்றிடமாகும், குறி எண்ணை ஒட்டியே நிற்கும். அதனால் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டால் வலப்பக்கம் நேராக வரும். மேற்கோளுக்குள் இருக்கும் வடிவத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் அரைப்புள்ளி (;) கட்டாயம். காற்புள்ளி போட்டால் பிழைச் செய்திதான்.

+ குறியைக் கடைசியில் வைத்து "###+" என்றால் குறி எண்ணுக்குப் பின்னால் வரும். "###-" என்றால் குறை எண்ணுக்கு மட்டும் பின்னால் மைனஸ். கணக்குப் பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள்.

இனி, நானே ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட இடம். வடிவத்தில் குறியே இல்லாமல் "###" என்று மட்டும் எழுதி, -123 கொடுத்தேன். வந்தது %-123. மைனஸும் ஒரு # இடத்தைத் தின்றுவிடும் என்பது அப்போது தெரியாது. அந்த % சதவீதம் இல்லை, 'எண் இந்த இடத்துக்குள் அடங்கவில்லை' என்ற எச்சரிக்கை. ஒரு # கூட்டினால் போதும்.

பூஜ்ஜியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. "+###" அதை +0 என்று அச்சிடும். வித்தியாசமே இல்லாதபோது கூட்டல் குறி எதற்கு? எனக்குப் பிடித்த வழி எஸ்ஜிஎன். எண் குறையாக இருந்தால் அது -1, பூஜ்ஜியமானால் 0, மிகையானால் 1 தரும். எண் ஏ-யில் இருக்கிறது என்றால்:

பி$ = மிட்$("- +", எஸ்ஜிஎன்(ஏ) + 2, 1) + மிட்$(எஸ்டிஆர்$(ஏ), 2)
பிரிண்ட் ரைட்$("     " + பி$, 5)

"- +" என்ற மூன்றெழுத்துச் சரத்தில் 1, 2, 3-வது இடங்களில் மைனஸ், வெற்றிடம், கூட்டல். எஸ்ஜிஎன் தரும் மதிப்போடு 2 கூட்டினால் சரியான இடம் கிடைத்துவிடும், அந்த இடத்து எழுத்தை மிட்$ எடுத்துத் தரும். இரண்டாம் பாதியில், எண்ணை எழுத்துச் சரமாக்கும் எஸ்டிஆர்$ அதன் முன்னால் வைக்கும் குறியையோ வெற்றிடத்தையோ தாண்டி 2-வது எழுத்திலிருந்து எடுக்கிறோம். இஃப் ஒன்றுகூடத் தேவையில்லை.

ஒரே ஒரு கவனம்: வலப்பக்கத்து 5 எழுத்துகளை மட்டும் எடுக்கும் ரைட்$, அளவு மீறினால் % போட்டு எச்சரிக்காது, இடப்பக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். -12345 கொடுத்தால் மைனஸ் காணாமல் போய் 12345 என்று நிற்கும்.