ஆர்னால்டின் ஏ.டி.சி.யைப் படிப்பது எப்படி?

அமெரிக்க விடுதலைப் போரில் தளபதி பெனடிக்ட் ஆர்னால்ட் 1780-இல் பிரிட்டிஷ் பக்கம் தாவிய துரோகி என்பது ஊரறிந்த சேதி. அவருக்கு ஏ.டி.சி.யாக, அதாவது நேரடி உதவி அதிகாரியாக இருந்த யூதர் டேவிட் சாலிஸ்பரி ஃபிராங்க்ஸைப் பற்றிப் படிக்க ஆசையா? 1780-இல் மட்டும் தொடங்காதீர்கள். தொடங்கினால் ‘இவருக்கும் தெரிந்திருக்குமோ’ என்ற சந்தேகம் கடைசிவரை விடாது.

நான் சொல்லும் தொடக்கம் கனடாவின் மான்ட்ரியல், 1775 மே 1. அங்குள்ள கத்தோலிக்கர்களுக்கு உரிமைகள் தந்த பிரிட்டிஷ் சட்டமான கியூபெக் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மார்பளவுச் சிலைக்கு யாரோ கறுப்பு பூசி, உருளைக்கிழங்கைக் கோத்து ஜெபமாலையாக மாட்டிவிட்டார்கள். செய்தவனைத் தூக்கில் போட வேண்டுமென்று ஒரு பிரெஞ்சுப் பிரமுகர் குதித்தார். இந்தச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் தூக்கா என்று கேட்டார் ஃபிராங்க்ஸ். கைகலப்பானது, சிறைக்குப் போனவர் ஃபிராங்க்ஸ். அப்போது அவர் வியாபாரி, அவ்வூர் யூத ஜெப ஆலயத்தின் தலைவரும்கூட. அந்த ஆண்டே அமெரிக்கப் படை ஊருக்குள் வந்ததும் அதோடு சேர்ந்துகொண்டார். 1776-இல் அது பின்வாங்கியபோது கூடவே கிளம்பிவிட்டார். வாயடக்கம் இல்லாத மனிதர் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

அடுத்தது பெயர்க் குழப்பம். பிலடெல்பியாவில் டேவிட் ஃபிராங்க்ஸ் என்றே ஒரு பெரிய வணிகர் உண்டு. உறவுக்காரர், பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்தவர். இணையத்தில் பலர் இருவரையும் ஒட்டவைத்துவிடுகிறார்கள். ‘மேஜர்’ என்று இருந்தால் நம்மவர்.

இப்போது 1780-க்கு வாருங்கள். தப்பியோடிய ஆர்னால்ட் செப்டம்பர் 25 அன்று ‘வல்ச்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து அமெரிக்கத் தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஃபிராங்க்ஸுக்கும் இன்னொரு உதவியாளர் ரிச்சர்ட் வாரிக்குக்கும் எதுவும் தெரியாது என்கிறார். துரோகி தந்த நற்சான்றிதழ் யாருக்கு வேண்டும்? அதை ஒதுக்கிவிட்டு, துரோகத்துக்குப் பின் நடந்த ராணுவ விசாரணையின், 1907-இல் அச்சான பதிவைப் பிடியுங்கள். வெண்ணெய்ச் சண்டையைத் தேடுங்கள். சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தீர்ந்துபோக, எண்பது டாலருக்கு எண்ணெய் வாங்கியிருக்கிறேன் என்கிறார் ஆர்னால்ட். டாலரா, எண்பது காசு என்று சொல்லுங்கள் என்று விருந்தாளி ஜோஷுவா ஸ்மித் அமெரிக்க காங்கிரஸ் அச்சடித்த, மதிப்புச் சரிந்த நோட்டைக் கேலி செய்கிறார். வாரிக் சீற, ஃபிராங்க்ஸும் சேர்ந்துகொள்கிறார். பிறகு ஆர்னால்ட் கண்டித்தபோது, உங்கள் மேசையாக இல்லாவிட்டால் பாட்டிலை அந்த ஸ்மித் தலையில் வீசியிருப்பேன் என்கிறார் ஃபிராங்க்ஸ். இந்த ஆளிடம் யாராவது ரகசியம் சொல்வார்களா? என் கட்சி அதுதான். விசாரணையும் இருவரையும் விடுவித்தது.

மற்றதைச் சீக்கிரம் கடந்துவிடலாம்: 1784-இல் பிரிட்டனுடனான சமாதான ஒப்பந்தத்தின் ஒப்புதல் பிரதியோடு பாரிஸ் பயணம், மார்சேயில் துணைத் தூதர் வேலை, 1786-இல் ஒப்பந்தம் பேசப் போன அமெரிக்கப் பிரதிநிதி தாமஸ் பார்க்ளேயுடன் மொராக்கோ. கடிதங்களுக்கு ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளம் போதும், இலவசம்.

1793-இல் பிலடெல்பியாவின் மஞ்சள் காய்ச்சலில் இறந்த அவரைக் கிறிஸ்தவக் கல்லறையில்தான் புதைத்தார்கள். மதம் மாறினார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் கிடைத்த இடத்தில் அடக்கம் செய்வதே பெரும்பாடு.